ஓசூரில் ஒரு பகல் தூக்கம்

காது குத்துவது பேத்திக்கு. அதற்காக அலைந்து தேய்ந்தது என் கால். எங்கள் வீட்டுக்காரரின் அக்கா கர்நாடகத்துக்குள் வாக்கப்பட்டுப் போனவர். தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போனில் சொல்லி அழைப்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், புருசன் பெண்டாட்டியாக இரண்டு ஆள், இவ்வளவும் வாசலில் வந்து நின்றால்தான் அவருக்கு அது அழைப்பு. ஒரு தடவை போனில் சொன்னதற்கு மூன்று வருடம் பேசாமல் இருந்தார். அந்த மூன்று வருடம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் ஒருநாள் ஆந்திராவில் மேயும், ஒருநாள் கர்நாடகத்தில் மேயும். ஆட்டுக்கு இருக்கிற அனுபவம் எனக்கு இல்லை. அறுபத்தாறு வயதாகியும் வேற்று மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதில்லை. அதனால் எத்தனை சேலை எடுத்துப் போவதென்று தெரியாமல் ஐந்து எடுத்து வைத்தேன்.

"ஒரு நாள் தங்கறதுக்கு அஞ்சு பொடவையா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேச்சுதான் பேசுவார். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓசூர் வரைக்கும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஓசூர் வந்ததும் எனக்கு வெளிநாடு வந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் தெலுங்கில் அம்மாவோடு பேசினாள், கன்னடத்தில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டாள், தமிழில் என்னை நகரச் சொன்னாள். மூன்றும் ஒரே மூச்சில். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பாஷையிலேயே அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பாகலூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடைப் பலகை எழுத்தெல்லாம் வளைய ஆரம்பிக்கிறது. கர்நாடகம் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்தால், சிக்குக் கோலம் போடத் தெரிந்தவள் எவளும் கன்னடம் எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது.

நாத்தனார் வீடு தக்காளித் தோட்டத்துக்கு நடுவில். பின்னால் செங்கல் சூளை. வாசலிலேயே தாம்பாளத்தை நீட்டினோம். வாழைப்பழத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். ராத்திரிக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்ச் சாறும். களி எங்கள் ஊர்க் களிதான். தின்கிற விதம்தான் வேறு. அவர்கள் உருட்டிச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்குகிறார்கள். நான் மென்றதை நாத்தனார் பார்த்துவிட்டார்.

"மென்னா பல்லுக்குத்தான் போவும். முழுங்கினாத்தான் வவுத்துக்குப் போவும்," என்றார் பாதி கன்னடத்தில்.

"எனக்கு இருக்கறதே நாலு பல்லு, அண்ணி. அதுக்கும் ஒரு வாய் போவட்டும்," என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் மூன்று உருண்டை விழுங்கினார். என் கையால் கிண்டிய களியை அவர் அந்த வேகத்தில் விழுங்கி நான் பார்த்ததில்லை. குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவுக்கு உதவுகிறேன் என்று தோட்டத்துக்குப் போனார். தக்காளி அடுக்கும் காலிக் கூடைகள் ஓர் ஓரத்தில் குவிந்திருந்தன. பெரிய பிளாஸ்டிக் கூடைகள். ஒன்றை இழுத்திருக்கிறார். புஸ்ஸென்று சத்தம் வந்திருக்கிறது. அக்கா வீட்டில் குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று நினைத்தாராம். அடுத்த கூடையையும் இழுத்தார். இடது கணுக்காலுக்குக் கீழே பிடித்துவிட்டது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, கடித்த பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தடிப்பாக, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாக. கண்ணாடி விரியன். பிறகு அவசரமே இல்லாமல் சூளைப் பக்கம் போயிற்று.

"குக்கர் இல்லைமே அது," என்றார் என்னிடம்.

நாத்தனார் கூச்சல் போட்டுக்கொண்டு கயிறு எடுக்க ஓடினார். பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவர் இருக்கிறார், ஒரு செம்புத் தண்ணீரில் விஷத்தை இறக்கிவிடுவார் என்றார். அப்போது தக்காளி ஏற்ற வந்த டெம்போக்காரர் மஞ்சுநாத் கயிற்றைப் பிடுங்கித் தூர எறிந்தார். கன்னடத்தில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது. "எங்க சித்தப்பாவை அந்த மந்திரவாதிகிட்டதான் கொண்டு போனோம். செம்பு திரும்பி வந்தது. சித்தப்பா வரலை. வண்டியில ஏத்துங்க, ஓசூர் ஆசுபத்திரிக்குப் போயிடலாம். அவரை நடக்க விடாதீங்க."

பாதி ஏற்றிய வண்டி. இறக்க நேரமில்லை. கூடைகளுக்கு நடுவில் கோணியை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். கடித்த காலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நாத்தனாரின் மகன் ஒரு பக்கம். ஓசூர் கிட்டே வந்ததும் கம்பெனி பஸ்கள். ஷிப்ட் மாறுகிற நேரம். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் பஸ். ஜன்னலில் எல்லாம் தூங்கி வழிகிற முகங்கள். மஞ்சுநாத் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டி, "பாம்பு கடி, பாம்பு கடி" என்று கத்தினார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ஊரே ஒதுங்கி வழிவிட்டதை அன்றைக்குப் பார்த்தேன். பைக்கில் வந்த ஒரு பையன் முன்னால் போய்க் கையைக் காட்டிக் காட்டி வழி எடுத்துக் கொடுத்தான். அவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. முதுகில் கம்பெனிப் பை இருந்தது.

மஞ்சுநாத் பிடித்த பிரேக்குகளில் நான்கு கூடை எங்கள் மேல் சரிந்தது. ஆசுபத்திரி வாசலில் தள்ளுக்கட்டிலோடு ஓடி வந்த ஆள், எங்கள் மூன்று பேரையும் பார்த்து ஓரடி பின்வாங்கினார். தலை முதல் கால் வரை சிவப்பு.

"என்னா ஆக்சிடென்ட்?" என்றார்.

"தக்காளிப்பா. கடிச்சது பாம்பு," என்றேன்.

உள்ளே போனதும் நர்ஸ் பெண் அவர் கையில் ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசை மேல் நிறுத்திவிட்டு, "யாரும் ஆட்டாதீங்க, இருவது நிமிசம்," என்றாள். அவள் பெயர் சரஸ்வதி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். என்னை அவ்வா என்றாள். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தாள். தயிர் உறைந்ததா என்று நான் சட்டியைச் சாய்த்துப் பார்ப்பேனே, அதே மாதிரி. நல்ல ரத்தம் என்றால் உறைந்து நிற்க வேண்டுமாம். அவருடையது தண்ணீராக ஓடியது. ஈறில் ரத்தம் கசிந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

விஷமுறிவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். நெஞ்சில் பசை தடவி வயர் ஒட்டினார்கள். தலைமாட்டில் ஒரு டிவி. அதில் பச்சைக் கோடு எகிறி எகிறி ஓடியது. நான்கு கட்டில் போட்ட அறை. ஒரு நோயாளிக்கு ஓர் ஆள் கூட இருக்கலாம் என்றார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாம்பு கடித்தவரைத் தூங்க விடக் கூடாது. தூங்கினால் விஷம் தலைக்கு ஏறிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் காலத்தில் தட்டைத் தட்டி, பாட்டுப் பாடி, கூடி உட்கார்ந்து விழிக்க வைப்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மந்திரம் தெரியும் என்று இல்லை, வாய் இருக்கிறது என்று. மூன்று பேரை விடிய விடிய விழிக்க வைத்திருக்கிறேன். மூன்று பேரும் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். அதில் ஒருவரைக் கடித்தது பெருச்சாளி என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் அவரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

ஊருக்கே விழித்தவள் சொந்தப் புருசனுக்கு விழிக்க மாட்டேனா? டாக்டர்கள் மருந்து பார்க்கட்டும், தூக்கத்தை நான் பார்க்கிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவருக்கும் அதே நம்பிக்கை. "என்னைத் தூங்க உடாதமே," என்று அவரே சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பேசினேன். கல்யாணத்தில் அவர் தாலியின் மூன்றாம் முடிச்சை என் முந்தானையோடு சேர்த்துப் போட்ட கதை. மாடு பிடிக்கப் போய் மாடு அவரைப் பிடித்துக்கொண்டு வந்த கதை. கண் சொருகினால் காது மடலைக் கிள்ளினேன். இன்னும் சொருகினால் கண்ணுக்குக் கீழே தைலம் தடவினேன். சரஸ்வதி வந்தால் விபூதி பூசுகிற மாதிரி கையை வைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் ரத்தம் எடுத்துக் குழாயைச் சாய்த்தாள் சரஸ்வதி. ரத்தம் அசையாமல் நின்றது.

"கட்டித் தயிர்," என்றேன்.

"ஆமா அவ்வா. ரத்தம் சரியாயிடுச்சு," என்று சிரித்தாள்.

ஆனால் பச்சைக் கோடு சரியாகவில்லை. ஒழுங்காக நான்கு துள்ளல் துள்ளும். அப்புறம் ஒன்று முந்திக்கொண்டு துள்ளும். அப்புறம் ஒன்றை விட்டுவிடும். பாண்டி ஆடுகிற பிள்ளை கட்டத்தைத் தவறவிடுகிற மாதிரி. பெரிய டாக்டர் வந்தார். நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். விஷம் இதயத்தையும் தொட்டிருக்கிறது என்றார்கள். பயந்தவள் என்ன செய்வாள்? இன்னும் வேகமாகப் பேசினேன்.

மகன் முருகேசனுக்கு ஓசூரிலேயே மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்ததும் இட்லி வாங்கி வந்தான். ஓசூர் ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். சாம்பாரா பாயசமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டு ஊற்றலாம். "அப்பாவுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்றான். "வருது," என்றேன். போய் ஒரு பிளாஸ்க் நிறையக் கெட்டிக் காபி வாங்கி வந்து தந்தான். என் பிள்ளை.

பக்கத்துக் கட்டிலில் ஜுரத்தோடு ஓர் ஒடிசாக்காரப் பையன். கம்பெனி வேலைக்கு வந்தவன். அவன் பெண்டாட்டிக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. சப்பாத்தியைச் சுருட்டி என் கையில் வைப்பாள். நான் இட்லியை அவள் கையில் வைப்பேன். அவள் அடிக்கடி இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்காரரைக் காட்டுவாள். தூங்க விடேன் என்கிறாள். பாவம், இவர்கள் ஊரில் இதெல்லாம் தெரியாது போலிருக்கிறது என்று நான் தலையை ஆட்டுவேன்.

இரண்டாம் ராத்திரியும் போயிற்று. என் குரல் தவளை மாதிரி ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய கதையெல்லாம் தீர்ந்துபோய், நாத்தனார் மேல் இருக்கிற வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அவர் அக்காவுக்குப் பரிந்து பேசுவதற்காகவாவது கண்ணைத் திறப்பார் என்ற தந்திரம். திறந்தார். ஆனால் கண் இரண்டும் குழி விழுந்து, உதடு வெளுத்துப் போயிருந்தது. கோடு முன்னைவிட மோசமாகத் தாவியது.

விடிந்ததும் வந்தது ஒரு சின்ன டாக்டரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னை ஆச்சி என்றாள். ஊரில் நான் ஆயா, சரஸ்வதிக்கு அவ்வா, இவளுக்கு ஆச்சி. ஊரை விட்டு வந்த நாலு நாளில் மூன்று கிழவி ஆகிவிட்டேன்.

அவள் கோட்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் கோட்டைப் பார்த்தாள். "ரத்தம் சரியாயிட்டு. வீக்கம் இறங்கிட்டு. நெஞ்சு மட்டும் ஏன் இப்படி ஓடுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சாயங்காலத்துக்குள்ள நிதானத்துக்கு வரலைன்னா பெங்களூருக்கு அனுப்பணும் ஆச்சி. நெஞ்சுக்குள்ள வயர் விட்டுத் துடிப்பைப் பிடிக்க வேண்டி வரலாம்."

அந்த நேரம் பார்த்து அவர் கண் சொருகியது. என் கை பழக்கத்தில் காது மடலுக்குப் போனது. கிள்ளினேன். டிவியில் கோடு எகிறிக் குதித்தது. டாக்டரம்மா கோட்டைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். அப்புறம் சிவந்து வீங்கிக் கிடந்த காதைப் பார்த்தாள்.

"இவுக தூங்கி எவ்வளவு நேரமாச்சு, ஆச்சி?"

கேட்டாளே என்று எனக்குப் பெருமை. "ரெண்டு ராத்திரி, நடுவுல ஒரு பகலு. ஒரு பொட்டு தூக்கம் உடலைங்க. கவனமா பாத்துக்கினேன்."

"அந்தப் பிளாஸ்க்ல?"

"காபிங்க. கெட்டியா."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"ஆச்சி, கட்டு விரியன்னு ஒண்ணு உண்டுல்லா. அது கடிச்சா கண்ணிமை தொங்கிப் போவும். மூச்சு விடுத தசையும் அதே மாதிரி சோர்ந்து போவும். பாக்கவங்களுக்குத் தூங்குத மாதிரிதான் இருக்கும். மூச்சு நின்னுதான் உயிர் போவும். ஊர்ல பாத்தவங்க என்ன சொன்னாக? தூங்கினான், செத்தான்னு சொன்னாக. பழி தூக்கத்து மேல விழுந்துட்டு."

எனக்கே அது புதிது.

"தாத்தாவைக் கடிச்சது கண்ணாடி விரியன். அது ரத்தத்தைக் கெடுக்கும். கெட்ட ரத்தம் இதயத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேராது. விஷமும் நேரா அந்தத் தசையைத் தீண்டும். அதான் துடிப்பு தப்புது. மருந்தால விஷத்தைக் கட்டிப் போட்டாச்சு. ஆனா அடிபட்ட தசை ஆறணும்லா? அதுக்கு ஓய்வு வேணும். நீங்க கிள்ளக் கிள்ள, காபி கொடுக்கக் கொடுக்க, அது ஓடிக்கிட்டே இருக்கு."

"காயம்பட்ட மாட்டை ஏர்ல பூட்டுன மாதிரியா?"

"அதேதான். இனி நீங்க செய்ய வேண்டிய வைத்தியம் ஒண்ணுதான். பேசாதீங்க."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியமாக யாரும் சொன்னதில்லை.

மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள். வெளியே காலை பத்து மணி வெயில். எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண் மூடப் பயப்படுகிறார் என்று தெரிந்தது. வயசு எழுபத்தொன்று. சின்னப் பிள்ளை மாதிரி என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்கட்டுமா?"

"தூங்குங்க."

"எழுந்திருக்கலைன்னா?"

எனக்கும் அதே கேள்விதான். ஐம்பது வருடமாக ஒன்றை நம்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெண் பத்து நிமிடம் பேசியதும் அதைக் கழற்றி வைத்துவிட முடியுமா? அவள் சொன்னது சரி என்று புத்திக்குப் பட்டது. கைக்குப் படவில்லை. கை காதைத் தேடியது.

"எழுந்திருக்கலைன்னா உங்கக்காவுக்கு யார் பதில் சொல்றது? அதுக்காவது எழுந்திருங்க," என்றேன். சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் தூங்கிவிட்டார்.

அந்தப் பகல் மாதிரி நீளமான பகலை நான் பார்த்ததில்லை. அவருக்குக் குறட்டை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக முழங்கையால் இடித்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு குறட்டையையும் வாங்கி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை சத்தம் நின்றுவிட்டது. நெஞ்சு ஏறவில்லை என்று எனக்குத் தோன்றியது. எழுந்துவிட்டேன். காதுக்குப் பக்கத்தில் கை போய்விட்டது. டிவியைப் பார்த்தேன். கோடு போய்க்கொண்டுதான் இருந்தது. கோட்டை நம்புவதா, என் கண்ணை நம்புவதா? கையை இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அது மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தார். மறுபடியும் குறட்டை.

சரஸ்வதி வந்து பார்த்தாள். "கை மேல ஏன் அவ்வா உக்காந்திருக்கீங்க?"

வாயைக் காட்டினேன். பேசக் கூடாது என்று. அவள் புடவைத் தலைப்பில்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒடிசாக்காரப் பெண் என்னிடம் வந்தாள். கையைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக் காட்டினாள். இந்தத் தடவை நானும் கையைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். சப்பாத்தி கொடுத்தாள். பசியில்லை. அவளுக்காக ஒரு வாய் விழுங்கினேன், களி மாதிரி, மெல்லாமல்.

மத்தியானம் கோடு பத்துத் துள்ளலுக்கு ஒன்று தவறியது. எனக்கு இருபது வரைதான் தடுமாறாமல் எண்ண வரும். மூன்று மணிக்கு மேல் இருபது எண்ணியும் தவறவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன். தவறவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் அரித்தது. சொல்லவில்லை. சாயங்காலம் டாக்டரம்மா வந்து கோட்டைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "பெங்களூர் வேண்டாம்," என்று காதோடு சொன்னாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தைலம் பட்ட கை, கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவர் கண் திறந்தார். கூரையைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை வெகு நேரம் பார்த்தார்.

"என்னாமே, சத்தத்தையே காணோம்," என்றார். "நான் போயிட்டேன்னு நெனச்சிட்டேன்."

அறையில் இருந்த நாலு கட்டிலும் சிரித்தது. ஒடிசாக்காரப் பையனுக்கு என்ன புரிந்ததோ, அவனும் சிரித்தான்.

அதற்கப்புறம் இன்னும் நான்கு நாள் வைத்திருந்தார்கள். தினம் ஒரு ஈசிஜி. ஐந்து சேலையும் தீர்ந்து, முருகேசன் பெண்டாட்டி சேலையையும் ஒன்று கட்டினேன். நாத்தனார் ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். தம்பி காலைத் தொட்டுப் பார்த்து அழுதார். "கயிறு கட்டப் பாத்தேனே, நானே கொன்னிருப்பேன்," என்றார். நான் கிள்ளின காதைக் காட்டி, "நானும்தான் அண்ணி," என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காதுகுத்துக்கு வருகிறேன் என்றார். மறுபடியும் நேரில் வந்து அழைக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது பெரிய விஷயம்.

ஒரு மாதத்துக்குப் பளு தூக்கக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது, தூக்கம் வந்தால் தூங்க வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாள். மகனுக்கு ஷிப்ட். கார் பிடித்துத் தருகிறேன் என்றான். எங்கள் வீட்டுக்காரர் பஸ்தான் என்றார். பிடிவாதத்துக்கு விஷமுறிவு மருந்து கிடையாது.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிருஷ்ணகிரியில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் எங்கள் ஊர். கண்டக்டரிடம் எங்கள் ஊரைச் சொல்லிக் கிருஷ்ணகிரிக்குச் சீட்டு வாங்கினேன். ஓசூர் தாண்டும் வரை கம்பெனிச் சுவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். சூளகிரி தாண்டும்போது தலை ஆட ஆரம்பித்தது. ஒரு மேட்டில் வண்டி குலுங்கியதும் என் தோளில் வந்து சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு ஒரே சீராக என் கழுத்தில் பட்டுக்கொண்டு வந்தது. தோள் மரத்துப் போயிற்று. அசைக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பலாச்சுளை விற்கிற பெண் ஜன்னலில் நீட்டினாள், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஆயா, கிருஷ்ணகிரி. எறங்கல?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். "தூங்கறாருப்பா," என்றேன் மெதுவாக. "அடுத்து எங்க நிக்கும்?"

"காவேரிப்பட்டினம். உங்க ஊருக்கு அது வேற பக்கமாச்சே, ஆயா."

"பரவால்ல. அதுக்குச் சீட்டு குடு. அங்கயும் எழுந்திருக்கலைன்னா அதுக்கு அடுத்த ஊருக்கும் குடு."

அவர் என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த தலையைப் பார்த்தார். காலில் இருந்த கட்டைப் பார்த்தார். சீட்டைக் கிழித்து என் மடியில் வைத்தார். பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டு போனவர், ஊதாமல் எடுத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய் வண்டியின் தகரத்தைக் கையால் இரண்டு தட்டு மெல்லத் தட்டினார். பஸ் காவேரிப்பட்டினத்தைப் பார்த்துக் கிளம்பியது.